பிள்ளைக் காம்பராவில் கடல் நண்டுகள்

மார்கழி விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியபோது எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சேறு கொண்டுவந்தார். டின் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருந்தன. நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, நுவரெலியாவில் பஸ் மாறி, ராகலைக்கு வந்து சேரும்வரை அதை மடியை விட்டு இறக்கவில்லை என்றார். குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தார். சேற்றுக்குள் குச்சிகள் போல ஏதோ செருகிக் கிடந்தது. ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். ஓடு ஒரு சதக் காசு அளவுதான் இருக்கும். ஆனால் அதன் ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, செம்மஞ்சள் நிறத்தில், முகத்துக்குக் குறுக்கே மடங்கிக் கிடந்தது. மற்றக் கை ஒரு நெல்மணி அளவுகூட இல்லை.

"இப்ப சொல்லும், நான் பலகையில கீறின படம் பிழையோ?" என்றார்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன டீச்சர். அப்பா பக்கத்து டிவிசனில் கணக்கப்பிள்ளையாக இருந்ததால் என்னை நுவரெலியாவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்க முடிந்தது. படிப்பு முடிந்த கையோடு இங்கே வேலை கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம், அதில் ஐந்து வகுப்பு. நாங்கள் இரண்டே டீச்சர்மார். பெரிய டீச்சர் யாழ்ப்பாணத்துக் கடலோர ஊர்க்காரர், முறையாகப் பயிற்சி பெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இருவருக்கும் ஒரே குவார்ட்டர்ஸ். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை "நீர்" என்பார். வந்த புதிதில் அந்த "நீர்" எனக்கு ஏதோ கோபத்தில் சொல்வதுபோல இருந்தது. அது அவர்கள் ஊரில் மரியாதையும் நெருக்கமும் கலந்த சொல் என்று புரிய ஒரு பள்ளித் தவணை ஆனது.

நண்டு வந்ததற்குக் காரணம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. முந்தின தவணை இயற்கைப் பாடத்தில் அக்கா கரும்பலகையில் தன் ஊர்க் கரையில் இருக்கும் நண்டை வரைந்தார். அந்தப் பெண் எழுந்து, "டீச்சர், கையி அம்புட்டுப் பெருசா இருந்தா அது கவுந்து விழுந்திறாதா?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. டீச்சருக்குப் படம் வரைய வராது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். "கொண்டந்து காட்டுறன், பொறுங்கோ," என்று அக்கா அன்றைக்குச் சொன்னதைப் பிள்ளைகள் மறந்துபோனார்கள். அவர் மறக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் டின்னைச் சுற்றி ஐந்து வகுப்பும் கூடிவிட்டது. நண்டுகளோ அசையவில்லை. தை மாதத்துக் குளிர். விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலம். வழியிலேயே இரண்டு செத்திருந்தன. மற்றவை காலை மடக்கிக்கொண்டு கூழாங்கல்லைப் போலக் கிடந்தன. அடுப்படியில் கொண்டுபோய் வைத்தோம். ஆனால் நாங்கள் இருவரும் பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில். அடுப்பு காலையில் அணைந்தால் மறுபடி மூட்டுவது சாயங்காலந்தான்.

"இரண்டு நாளைக்குள்ள எல்லாம் செத்துப்போடும்," என்றார் அக்கா. "வெக்கை வேணும் இதுகளுக்கு."

தோட்டத்தில் பகலெல்லாம் சூடாக இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று தேயிலைத் தொழிற்சாலை. சேற்று வாடை தூளில் ஏறிவிடும் என்று டீ மேக்கர் எங்களை வாசல்படி ஏற விடவில்லை. மற்றது பிள்ளைக் காம்பரா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் நீளமான அறை அது. சாக்குத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். மூலையில் பாலும் வெந்நீரும் காய்ச்சுகிற அடுப்பு விடியற்காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை எரியும், இரவிலும் தணலின் சூடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்ட ஆயா நாற்பது வயதைத் தாண்டிய விதவை. குரல் உரத்தது, ஆள் நல்லவர். என் அம்மாவுக்குப் பழக்கமானவர் என்பதால் கேட்டுப் பார்க்கலாமென்று போனேன்.

"என்னாங்க சின்ன டீச்சர், நண்டா?" என்றார். "இங்க பச்சப் புள்ளைங்க கெடக்குதுங்க. வெளிய வந்து கடிச்சு வச்சிச்சின்னா தொர என் சீட்டக் கிழிச்சிருவாரு."

"வெளிய வராதுங்க ஆயா. மேல வல போட்டுக் கட்டித் தர்றோம். சூடு இல்லாம செத்துக்கிட்டு இருக்குங்க."

ஆயா டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "அடியாத்தி, இத்துனூண்டா? இதுக்கா ரயிலு, பஸ்ஸு எல்லாம்?" என்று சிரித்துவிட்டார். "சரி, வைங்க. ஆனா நான் தொட மாட்டேன். தண்ணி ஊத்துறது, சேறு அள்றது எல்லாம் உங்க பாடு. அடுப்பு எப்புடியும் எரியிற அடுப்புதானே, அத நான் பாத்துக்கிறேன்."

ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு தகரத் தொட்டியைத் தார் வைத்து அடைத்தோம். ஒரு பக்கம் சேற்றை மேடாக்கி, மறுபக்கம் தண்ணீர் விட்டோம். தண்ணீரில் கடைக் கல்லுப்பைக் கரைத்து, அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னும் கொஞ்சம்," "இப்ப சரி," என்பார். எங்கள் ஊர்த் தண்ணீரில் அவர் ஊர்க் கடலின் ருசி வந்துவிட்டதா என்பது அவர் நாக்குக்குத்தான் தெரியும். சேறு போதாதென்று அவருடைய அண்ணன் ஒரு சாக்குச் சேறு ரயிலில் பார்சல் அனுப்பினார். நானுஓயாவில் அதை எடுக்கப் போனபோது பார்சல் குமாஸ்தா சாக்கை இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இங்க மண்ணே இல்லாமப் போச்சா?" என்று கேட்டார்.

அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மறுநாளே நண்டுகளுக்கு உயிர் வந்துவிட்டது. சேற்று மேட்டில் ஒவ்வொன்றும் ஒரு வளை தோண்டியது. தோண்டிய மண்ணை உருட்டிக்கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தது. கண்கள் இரண்டும் காம்பின் நுனியில் தீக்குச்சித் தலைபோல நிமிர்ந்து நின்றன. பெண் நண்டுகளுக்கு இரண்டு கையும் சின்னவை. இரண்டாலும் மாறி மாறிச் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்தன. சேற்றை அவை தின்பதில்லை. அதில் ஒட்டியிருக்கிற பாசியையும் அழுகலையும் வாய்க்குள் இருக்கும் மயிரால் தேய்த்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடுகு போல உருட்டிக் கீழே போட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் மேடு முழுக்கக் கடுகு சிந்தியதுபோல ஆகிவிடும். ஆணுக்குச் சாப்பிட ஒரு கைதான். பெரிய கை அதற்கு உதவாது. ஆகவே பெண் சாப்பிட்டு முடித்து வளைக்குள் போனபிறகும் ஆண் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டே இருக்கும். அந்தப் பெரிய கை சிலவற்றுக்கு வலப்பக்கம், சிலவற்றுக்கு இடப்பக்கம்.

பெரிய கையின் வேலை என்ன என்பதைப் பகல் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஆண் நண்டு தன் வளை வாசலில் நிமிர்ந்து நின்று, அந்தக் கையைப் பக்கவாட்டில் விரித்து, மேலே தூக்கி, வா வா என்று அழைப்பதுபோல ஆட்டியது. ஓய்ந்து நின்றது. பிறகு மறுபடி ஆட்டியது. பக்கத்தில் ஒரு பெண் நண்டு போனால் இன்னும் வேகமாக ஆட்டியது.

"பாருங்கடி, கூப்புடுறான்!" என்று ஒருத்தி கத்தினாள். மேட்டில் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளான மேல் லயத்துக்காரி அவள். இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை. தோட்டத்தில் அவளைப்போல வாயாடி வேறு கிடையாது. "ஒரு கை திங்கிறதுக்கு, ஒரு கை ஜம்பத்துக்கு. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, அதுக்கு ரெண்டு கையும் ஜம்பத்துக்குத்தான்!"

தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, மார்பில் பிள்ளையோடு தொட்டியைச் சுற்றி உட்கார்வது வழக்கமாகிவிட்டது. ஆயா எல்லாருக்கும் விளக்கம் சொல்வார். "வெளிச்சத்துல கருப்பு, விளக்கு வைக்கிற நேரத்துல வெளுத்துப் போவும். நான் பாத்தேன்," என்பார். அதுவும் உண்மைதான். பகலில் அவை கறுத்துத் தெரியும், பொழுது சாய்ந்தால் நிறம் மங்கும்.

தண்ணீர் மாற்றுவதற்காக நான் காலை, பகல், சாயங்காலம் மூன்று வேளையும் அங்கே போவேன். அப்படிப் போகப் போக ஒன்று கவனத்தில் பட்டது. முதலில் காலையில் வெளியே வந்து மேய்ந்தவை, சில நாளில் பகலுக்குத் தள்ளிப்போயின. பிறகு பின்னேரம். பகலில் வந்த பெண்கள், "இன்னைக்குத் தூங்குதுங்களா?" என்று ஏமாந்து போனார்கள். அடுப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் எரிந்தது. தண்ணீரும் ஒரே அளவுதான்.

"நேத்து வந்த நேரத்துக்கு இன்னைக்கு வரலீங்கக்கா. தெனமும் கொஞ்சம் பிந்திப் பிந்தி வருது," என்றேன்.

அக்கா திருத்திக்கொண்டிருந்த பயிற்சிக் கொப்பியை மூடினார். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கலண்டரில் திதியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் விரல் மடித்தார்.

"வத்து," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கடல் பெருகும், வத்தும். வத்தினாப் பிறகுதான் இதுகள் வெளிய வந்து சாப்பிடும். பெருகேக்க வளை வாசலைச் சேத்தால அடைச்சுப்போட்டு உள்ள இருக்கும். ஒவ்வொரு நாளும் வத்துற நேரம் பிந்தும். எங்கட வீட்டு வளவு முடியிற இடத்தில கடல். எந்தத் திதிக்கு எப்ப வத்தும் எண்டு எனக்குப் பாடம்." திரும்பி என்னைப் பார்த்தார். "இப்ப அங்க வத்திக் கிடக்கும். அதுதான் இஞ்சயும் வெளிய வருகுதுகள்."

"தொட்டியில கடலே இல்லியேக்கா?"

"இல்லைத்தான். அதுகளின்ர உடம்பில கிடக்கு போல."

அன்று சாயங்காலம் அக்கா தானே பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, ஆயா பூட்டப் போகும்வரை தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மூன்று வாரம் போல அந்த ஒழுங்கு நீடித்தது. பிறகு சிலது காலையில் வந்தது, சிலது பின்னேரம் வந்தது, எல்லாம் குழம்பிவிட்டது. அதைச் சொன்னபோது, "மறந்து போகுதுகள்," என்றார் சாதாரணமாக.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை ஆயா பள்ளிக்கூட வாசலுக்கே ஓடிவந்தார். "ஒண்ணு செத்துக் கெடக்குதுங்க டீச்சர்! நான் ஒண்ணும் செய்யலீங்க, சாமி சத்தியமா!"

போய்ப் பார்த்தால் செத்த நண்டு போலக் கிடந்தது வெறும் கூடு. பின்பக்கம் திறந்திருந்தது. கூட்டுக்குள் கண் காம்பின் உறைகூட அப்படியே இருந்தது. சட்டை கழற்றிய நண்டு வளைக்குள் ஒதுங்கி, மெழுகு போல மெத்தென்று இருந்தது. அது டின்னுக்குள் வரும்போதே பெரிய கையை இழந்த ஆண். வலப்பக்கக் கை இருந்த இடத்தில் இத்தனை நாளாக ஒரு சின்னக் குமிழ் மட்டும் இருந்தது. ஒருபக்கத்துப் பெரிய கை போனால் மற்றப் பக்கத்துச் சின்னக் கை பெரிதாக வளரும் என்று அக்காவுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லியிருந்தார். இப்போது பார்த்தால் அதே வலப்பக்கத்தில், வெளிறிய நிறத்தில், கொஞ்சம் சிறியதாகப் புதிய கை வந்திருந்தது. இடக்கை சின்னதாக இருந்தபடியே இருந்தது.

அக்கா தொட்டியை வகுப்புக்கு எடுத்து வரச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். "எனக்குச் சொல்லித் தந்தது பிழை. நான் உங்களுக்குச் சொன்னதும் பிழை," என்றார்.

ஒரு பையன், "அப்ப பரீட்சைக்கு எத டீச்சர் எழுதுறது?" என்று கேட்டான்.

"கண்டதை எழுதுங்கோ," என்றார்.

அந்த மாதக் கடைசியில்தான் கக்குவான் இருமல் வந்தது. முதலில் கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. பிறகு பிள்ளைக் காம்பராவில் ஒவ்வொரு தொட்டிலாக. இருமி இருமி, மூச்சு இழுக்கும்போது சேவல் கூவுவதுபோலச் சத்தம் வரும். மேல் லயத்துக்காரியின் பிள்ளைக்குத்தான் அதிகம். இருமும்போது உதடு நீலம் பாய்ந்தது. தோட்டத்து லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் என்று ஆயா அப்போதுதான் எனக்குச் சொன்னார். அந்த வாயாடிக்குள் அப்படி ஒன்று இருந்ததை நான் நினைத்தும் பார்த்ததில்லை.

லொறி போவதற்கு முன் அவள் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று சத்தம் போட்டாள். "எங்கயோ கெடந்த சேத்தக் கொண்டாந்து பச்சப் புள்ளைங்க நடுவுல வச்சீங்களே! அந்த நாத்தந்தான் எம்புள்ள நெஞ்சுல போயி ஒக்காந்துக்கிச்சி. படிச்சவங்களுக்கு இது தெரியாதா?"

ஆயாதான், "ஏன்டி, நீதானே தெனம் வந்து குந்துவ!" என்றார். அது இன்னும் வினையாகிவிட்டது. செய்தி தோட்டத்தை நடத்தும் துரைவரை போயிற்று. ஆயாவை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

அக்கா பள்ளிக்கூடத்தை என்னிடம் விட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே இருந்தவரைத் தோட்டமே டாக்டரய்யா என்று கூப்பிடும். மருந்து கலந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் பிள்ளைக் காம்பராவை மேற்பார்வை செய்வதும் அவர் வேலை. நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

"ஆயாவில ஒரு பிழையும் இல்லை, வைக்கச் சொன்னது நான்," என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

"கக்குவான் ஆள்கிட்டயிருந்து ஆளுக்கு ஒட்டுறது டீச்சர். சேத்துல வர்றது இல்ல. அத நான் தொரைகிட்ட சொல்றேன்," என்று டாக்டரய்யா சொல்லியிருக்கிறார். "ஆனா பச்சப் புள்ளைங்க இருக்க எடத்துல நண்டு வைக்கலாமா? என்னைக் கேட்டீங்களா? கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். இன்னைக்கே எடுத்துருங்க."

டாக்டரய்யா சொன்னபடியே துரையிடம் பேசினார். ஆயாவின் வேலை தப்பியது. தொட்டி எங்கள் அடுப்படிக்கு வந்தது.

பழைய பிரச்சினை மறுபடி வந்தது. பகலில் அடுப்பு எரிய வேண்டும், விறகு வேண்டும். எங்களுக்குக் கிடைத்த விறகு சமையலுக்கே பற்றாது. இரண்டு நாள் அடுப்பில் நெருப்பைச் சாம்பலால் மூடி வைத்துப் பார்த்தோம். இடைவேளை மணி அடித்ததும் நான் ஓடிப்போய்க் கிளறுவேன். மூன்றாம் நாள் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு சின்னக் கட்டு மிலாறு கிடந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை நாங்கள் மிலாறு என்போம், எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு அடுப்பும் அதில்தான் எரியும். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்தோம். மறுநாளும் கிடந்தது. வேலை முடிந்து தலையில் மிலாறு கட்டோடு லயத்துக்குப் போகும் பெண்கள் ஆளுக்கு இரண்டு குச்சி உருவி வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். நின்று பேசவில்லை. துரை காதுக்குப் போகும் என்ற பயம்.

"ஏன் செய்யினம்?" என்று அக்கா கேட்டார்.

"அவங்களுக்கும் பாக்கணும்ல," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கவும் செய்தார்கள். ஒரு ஞாயிறு, பெண் நண்டொன்றின் வயிற்று மடிப்பு விரிந்து, அதற்குள் கருஞ்சிவப்பாக திராட்சைக்குலை போல ஏதோ அடைந்திருப்பதை ஆயா பார்த்தார். "புள்ளத்தாச்சிங்க!" என்றார். அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தது அந்த ஒரு நண்டைத்தான். ஒருத்தி அதற்குச் சோற்றுக் கஞ்சியின் ஆடை கொண்டுவந்தாள். குஞ்சு எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு அக்கா, "வரும். ஆனா இஞ்ச தப்பாது," என்று முதலிலேயே சொல்லிவைத்தார்.

முட்டைகள் நாளுக்கு நாள் நிறம் வெளுத்துச் சாம்பலாயின. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டித் தண்ணீரில் தூசி விழுந்ததுபோல இருந்தது. தூசி தானாக நகர்ந்தது. நண்டின் வயிறு காலியாக இருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். புள்ளிகள் துடிப்பது தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"டாக்டரய்யாகிட்ட மைக்ரோஸ்கோப் இருக்குக்கா. வயித்துப் பூச்சி முட்ட பாக்குறது," என்றேன்.

அவரிடம் போய்க் கேட்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கேட்டதும் அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மரப்பெட்டியோடு மைக்ரோஸ்கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "இது தோட்டத்துச் சாமான், வெளிய குடுக்க முடியாது. நான் கூட வந்தா சரி," என்றார். எங்கள் வாசலில், பகல் வெளிச்சம் விழும் இடத்தில், மேசை போட்டு வைத்தார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு முதலில் அவர் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது என்னா, நண்டாங்க இது?"

அக்கா பார்த்தார். பிறகு நான். பெரிய கறுப்புக் கண் இரண்டு. தலையில் நீளமாக ஒரு முள். பின்னால் இறால் போல ஒரு வால். நண்டுக்கும் அதற்கும் எந்தச் சாயலும் இல்லை. சொட்டுத் தண்ணீருக்குள் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. உடம்புக்குள் ஏதோ துடிப்பதுகூடக் கண்ணாடி போலத் தெரிந்தது.

வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "ஒண்ணுந் தெரியலியே!" என்றவர்களும் உண்டு. ஆயா பார்த்துவிட்டு, "நண்டு வயித்துல கொசுப்புழு பொறந்திருக்கு," என்றார்.

அப்போது மேல் லயத்துக்காரி படியேறி வந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. மெலிந்து போயிருந்தாலும் அவள் தோளில் விழித்துக்கொண்டிருந்தது. சண்டைக்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் வந்ததில்லை. மிலாறு போட்டவர்களில் அவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எல்லாரும் விலகினார்கள். பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதெல்லாம் பொழைக்குமாங்க?" என்று அக்காவைக் கேட்டாள்.

"இல்லை. நாளைக்கு, நாளண்டைக்குச் செத்துப்போடும். இதுகளுக்குக் கடல் வேணும்."

"கடல்ல இருந்தா?"

"அங்கயும் மீன் தின்னும், நீரோட்டம் கொண்டு போகும். ஆயிரத்தில ஒண்டு ரெண்டு மிஞ்சி, சட்டை மாத்தி மாத்தித்தான் நண்டா வந்து கரையேறும்."

"தாய்க்காரி தேட மாட்டாளா?"

"தண்ணியில விட்டா அதோட சரி. திரும்பிப் பாக்காது."

அவள் நிமிர்ந்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "எங்க ஓடையில கெடக்குற நண்டு அப்புடி இல்லீங்க," என்றாள். "குஞ்சு நண்டாவேதான் வயித்துல இருக்கும். கொஞ்ச நாளைக்குத் தாயி தூக்கிக்கிட்டே திரியும்."

"நண்டாவோ? சரியா நண்டாவேயோ?" என்றார் அக்கா.

"ஆமாங்க. சின்ன டீச்சருக்கும் தெரியுமே."

எனக்கும் தெரியும்தான். சிறுவயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது சொல்லத் தகுந்த விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, ஆச்சரியந்தான். டாக்டரய்யா மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அந்தப் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "நாளையிலிருந்து காம்பராவுல விடலாம்," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சொன்னபடிதான் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை தொட்டித் தண்ணீரில் எதுவும் நகரவில்லை. நான் தண்ணீரை மாற்றினேன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினொன்றாம் நம்பர் மலைக்குக் கீழே, பாறையும் புல்லுமாக இருக்கும் இடம். அவர் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரின் குளிருக்கு "ஐயோ, ஐயோ" என்றபடியே இறங்கினார். நான் கல்லைப் புரட்டுவேன், அவர் குனிந்து பார்ப்பார். காலில் அட்டை ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நாங்கள் பிடித்ததில் பாதி ஆண். ஒரு பெரிய கல்லுக்கு அடியில் மண்ணிறத்தில் ஒரு பெண் நண்டு அகப்பட்டது. அதை மல்லாத்தி, வயிற்று மடிப்பை விரலால் மெதுவாக விலக்கினேன். மிளகளவில் முப்பது நாற்பது குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் எட்டுக் காலும் இரண்டு கையும் இருந்தன. ஒன்று என் விரலில் ஏறி நடந்தது.

"முள்ளில்லை, வாலில்லை," என்றார் அக்கா. "முட்டைக்குள்ளயே எல்லாம் முடிச்சுக்கொண்டு வருகுதுகள்." கொஞ்ச நேரம் ஓடையின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுவும் சரிதான். அந்தத் தூசி மாதிரிக் குஞ்சை இதுக்குள்ள விட்டா ஒரே நாளில மகாவலி ஆத்துக்குப் போயிடும்."

என் விரலில் நடந்ததை மறுபடி தாயின் வயிற்றருகே விட்டேன். அது தானாக உள்ளே போய்விட்டது. கல்லைப் பழையபடி வைத்தோம். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது.

சித்திரை விடுமுறைக்கு அக்கா ஊருக்குப் புறப்பட்டபோது உயிரோடிருந்த ஐந்து நண்டுகளையும் அதே மாதிரி ஒரு டின்னில் எடுத்துக்கொண்டார். குஞ்சு பொரித்த பெண்ணும், புதுக் கை முளைத்த ஆணும் அதில் இருந்தன. ஆயா பஸ் நிறுத்தம்வரை வந்தார். அதுவரை நண்டைத் தொடாதவர், டின் மூடியைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்க எடத்துக்குப் போவுதுங்க," என்றார்.

விடுமுறை முடிந்து அக்கா திரும்பிவந்தார். அரிசி மாவும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் கொண்டுவந்திருந்தார், சேறு கொண்டுவரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது நண்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"போன அண்டைக்கே கரையில கொண்டுபோய் விட்டன்," என்றார். "வத்து நேரம். சேறெல்லாம் வளை, ஆயிரம் நண்டு நிண்டு கையை ஆட்டுது. எங்கட அஞ்சும் கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டுதுகள். பிறகு ஒண்டு போய் ஒரு வளைக்குள்ள இறங்கப் பாத்துது. அந்த வளைக்காரன் வந்து பெரிய கையால தள்ளிவிட்டிட்டான். அடுத்த வளைக்குப் போச்சுது, அங்கயும் தள்ளுப்பட்டுது."

"அப்புறம்?"

"அப்பிடியே ஒவ்வொரு வாசலா அடி வாங்கி வாங்கித் தண்ணிப் பக்கமாப் போய், ஆருமில்லாத இடமாப் பாத்துத் தோண்டத் தொடங்கிச்சுது. மற்றதுகளும் பின்னால போச்சுதுகள். எது எங்கட எண்டு பிறகு எனக்கே தெரியேல்லை." இடியப்பத் தட்டை இறக்கி வைத்தார். "வெயிலும் சுட்டுது. நான் வீட்ட வந்திட்டன்."